நடுக்கட்டத்து ஐந்து

மனித அறிவின் வரலாற்றில் இதுவரை நடந்திராததும், இனி நடக்கவேண்டிய அவசியம் இல்லாததுமான மாபெரும் பரீட்சை ஒன்று திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் நடைபெறவிருக்கும் செய்தி, 2007ஆம் ஆண்டு மாசி மாதம் பதினான்காம் திகதி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சகல மதில்களிலும் ஒட்டப்பட்டது. பத்து மணிக்குள் அதில் பாதியை மான்கள் தின்றுவிட்டன.

திருகோணமலை நகரத்து மான்களுக்கு அரசியல் கிடையாது. கோதுமைமாப் பசை பூசி ஒட்டிய எதையும் கட்சி பாராமல் தின்னும். அவை எட்டாமல் விட்ட மேல்பாதி பின்வருமாறு அறிவித்தது: சம்பூர்ப் பக்கமிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களிலும் உறவுக்காரர் விறாந்தைகளிலும் கிடக்கும் மக்களுக்கு வழங்கப்படவிருக்கும் அரிசி மூட்டைகளை எண்ணிப் பொறுப்பேற்க, துறைமுக வட்டார நிவாரண ஒருங்கிணைப்பு மகாகுழு 'எண்ணிக்கை உத்தியோகத்தர்' ஒருவரை நியமிக்கும். நேர்மையும் கூரிய மூளையும் ஒருங்கே உள்ளவரை நவீன விஞ்ஞான முறைப்படி தெரிவுசெய்யும். அந்த முறை என்னவென்பது கீழ்ப்பாதியில் இருந்தது. அது இப்போது மானின் வயிற்றில் இருந்தது. ஆகவே அதை அறிய நாற்பத்தொரு பேர் குழுவின் கந்தோருக்கு நேரில் போகவேண்டி வந்தது.

நாற்பத்தொரு பேரில் ஒருவர் ஹெக்டர் சூசைப்பிள்ளை. வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் டலிக் கிளாக்கராக முப்பது வருடம் நின்றவர். டலிக் கிளாக்கர் என்றால், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிறவர். நாலு கோடு நேராகப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலைக்கு ஒரு வேதம் உண்டு. கப்பல் பக்கத்தில் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கத்தில் இன்னொருவர் எண்ணுவார். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்து வைப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் கப்டன் கத்தினாலும் கடவுள் கத்தினாலும் கையெழுத்து இல்லை. முப்பது வருடத்தில் ஹெக்டர் ஒத்துப்போகாத தாளில் கையெழுத்து வைத்ததில்லை.

போன ஐப்பசியில் அவருடைய துறைமுக நுழைவுப் பாஸ் புதுப்பிக்கப்படாமல் திரும்பி வந்தது. காரணம் கேட்டதற்குக் காரணம் கேட்கக்கூடாது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது மனைவி திரேசம்மாவின் தையல் மெசினால். ஹெக்டர் காலையில் எழும்பி முகம் வழித்து, சட்டை மாற்றி, போக இடமில்லாமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்துகொள்வார். மதில் மேலிருக்கும் காகங்களை எண்ணுவார். பொத்தான் டப்பாவில் கிடந்த பொத்தான்களை ஒருநாள் நிறம் நிறமாக எண்ணிவைத்தபோது, திரேசம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் அவர் மதிலில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிக்கப் போனார். மூட்டை எண்ணும் வேலை. இந்த வட்டாரத்தில் அதற்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லையென்று அவருக்குத் தெரியும். மூட்டையை எண்ணிக் காட்டச் சொல்வார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனார்.

கந்தோரில் குழுவின் தலைவர் ஆனந்தராசா இருந்தார். அகில இலங்கைச் சமாதான நீதவான். சமாதானம் ஊரைவிட்டுப் போய் எவ்வளவோ காலமாகியும் அதற்கு நீதவானாக அவர் மட்டும் பதவியில் இருந்தார். விரல்களில் நாலு மோதிரம், நாலிலும் வெவ்வேறு கல். எண்சாத்திரத்தில் கரைகண்டவர். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் எழுத்தைக் கூடச் செருகி, கூட்டுத்தொகை ஐந்து வரும்படி சரிப்படுத்தி வைத்திருந்தார். அறிவித்தல் ஒட்டிய பதினான்காம் திகதியும் கூட்டினால் ஐந்து. தாள் கையளிக்கக் கடைசி நாள் இருபத்துமூன்று, அதுவும் ஐந்து. முடிவு சொல்வது பங்குனி ஐந்து.

இலண்டனில் இருக்கும் அவருடைய மகன் அனுப்பிய ஒரு சுடோக்குப் புத்தகம்தான் விஞ்ஞான முறை. அதிலிருந்து மிகக் கடினமான ஒன்றைத் தெரிந்தெடுத்து, போட்டோப் பிரதி எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கொடுக்குமுன் முக்கால் மணித்தியாலம் பேசினார். ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு கட்டம். படுக்கையாகப் போகும் ஒவ்வொரு நிரையிலும், மேலிருந்து கீழே வரும் ஒவ்வொரு நிரலிலும், தடித்த கோட்டால் பிரித்த ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒருமுறைதான் வரலாம். இது எல்லாப் பேப்பரிலும் வருகிற சங்கதி. ஆனால் இது மூலைவிட்டச் சுடோக்கு. மூலையிலிருந்து மூலைக்குப் போகும் இரண்டு கோடுகளிலும் அதே விதி. கொடுத்திருப்பது இருபத்திரண்டு எண்கள் மட்டும். விடை ஒன்றே ஒன்று. இதை அவிழ்க்கிறவன் பொய் எண்ணமாட்டான் என்று மேல்நாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். மேல்நாட்டில் யார், எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் வேலை தேடி வந்தவர்கள்.

ஹெக்டருக்குச் சுடோக்கு புதிதல்ல. பேப்பரில் வருவதைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிப்பார். இது அப்படி முடியவில்லை. பழைய டலித் தாள் கட்டொன்றை எடுத்துப் பின்பக்கத்தில் கட்டம் கீறினார். ஒவ்வொரு வெறும் கட்டத்திலும் வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதி, வரமுடியாதது தெரியத் தெரிய ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போனார். முதல் நாள் ஒன்றுகளும் மூன்றுகளும் பிடிவாதமில்லாமல் வந்து உட்கார்ந்தன. இரண்டாம் நாள் முழுவதும் ஒரு ஏழோடு மல்லுக்கட்டினார். இடது மேல்மூலையிலிருந்து இறங்கும் மூலைவிட்டத்தில் அது எங்கேயாவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். இங்கே நிரை தடுக்கிறது, அங்கே நிரல் தடுக்கிறது என்று வெட்டி வெட்டிப் போக, பள்ளிவாசலில் பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒரே கட்டம் மிஞ்சியது. ஏழை அதில் எழுதினார். ஏழு விழுந்ததும் வலப்பக்கத்தில் ஆறாம் நிரையில் ஓர் எட்டு விழுந்தது. ஹெக்டர் நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக விசிலடித்தார். திரேசம்மா மெசினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கீழ்ப் பெட்டியில் ஆறாம் நிரலில் இன்னோர் எட்டு விழுந்தது. அதோடு எல்லாம் நின்றது.

நடுப்பெட்டியின் ஒன்பது கட்டத்துக்குள் எட்டு எங்கே? மேல் நிரையில் வராது. அந்த நிரையில் இடப்பக்கத்தில் அச்சிலேயே ஓர் எட்டு இருக்கிறது. கீழ் நிரையில் வராது. ஏழு தள்ளிவிட்ட எட்டு வலப்பக்கத்தில் நிற்கிறது. மிச்சம் நடு நிரையின் மூன்று கட்டம். இடக்கட்டத்தில் வராது, அந்த நிரலில் மேலே எட்டு அச்சில் இருக்கிறது. வலக்கட்டத்தில் வராது, இப்போதுதான் விழுந்த எட்டு கீழே இருக்கிறது. நாலு பக்கத்திலிருந்தும் நாலு எட்டுகள் ஒரே ஒரு கதிரையைக் காட்டிக்கொண்டு நின்றன. எண்பத்தொரு கட்டத்துக்கும் நட்ட நடுவான அந்தக் கதிரையில், கொடுத்த எண்ணாக, ஐந்து உட்கார்ந்திருந்தது.

தான்தான் பிழை என்று ஹெக்டர் நினைத்தார். கப்பல்காரனைப் பிழை சொல்லுமுன் தன் தாளைப் பார் என்பது டலி மேசையில் முதல் பாடம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இந்தமுறை கீழ் வலது மூலையிலிருந்து மேலே ஏறினார். பின்னேரம் அதே இடத்தில், அதே ஐந்தின் முன்னால் வந்து நின்றார். பிறகு திரேசம்மாவைக் கூப்பிட்டார். விதியைச் சொல்லி, டலித் தாளில் கீறிய வெறும் பிரதியொன்றைக் கொடுத்து, அவளைக் கரைப்பக்கமாக உட்காரவைத்தார். தன் தாளைக் காட்டவில்லை. திரேசம்மாவுக்கு முதல் ஒருமணி நேரம் எரிச்சல். அடுத்த ஒருமணி நேரம் கட்டத்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை. தேவாலயத்தில் முதற் திருவிருந்து எடுக்கும் பிள்ளைகளின் சட்டைகள் மூன்று பாதியில் கிடந்தன. அவள் துணி வெட்டுகிறவள். எந்தத் துண்டு எதில் பொருந்தாது என்று பார்ப்பது அவளுக்குத் தொழில். அடுத்தநாள் மத்தியானம் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எட்டுக்கு இடமில்லை."

ஹெக்டர் தன் தாளை அவளுடையதுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒத்துப்போயின. அப்போதுதான் தலைவர் கொடுத்த பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்தொரு எண் அச்செழுத்து. நடுவில் இருந்த ஐந்துக்கு வால் நீளம். அது பேனையால் எழுதியது.

இப்போது அவருக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. பாஸ் திரும்பி வந்தபோதுகூட இப்படி வரவில்லை. அதன் பின்னால் தோளில் தொங்கும் துவக்கு இருந்தது, சீருடை இருந்தது. கோபப்பட்டு என்ன செய்வது? இதற்கு என்ன இருக்கிறது? நாலு மோதிரம் இருக்கிறது. நாற்பத்தொரு பேர் சோற்றுக்காக வந்து நிற்க, அவர்களிடம் நேர்மையைச் சோதிக்கிறேன் என்று ஒரு களவுத் தாளை நீட்டியிருக்கிறான் மனுசன். குசினியில் இரண்டு அடி அங்கே, இரண்டு அடி இங்கே நடந்தார். அதற்குமேல் நடக்க அந்தக் குசினியில் இடமில்லை.

அந்த நேரத்தில்தான் றஊப் வந்தார். அவர் கிண்ணியாக்காரர், கப்பலில் மூட்டை தூக்கும் வின்ச் பிடித்தவர். கப்பல் வரத்துக் குறைந்ததில் அவருக்கும் வேலையில்லை. படகேறி வந்து தன் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஹெக்டர் முடித்தாரா என்று பார்க்க எட்டிப்பார்த்தார். ஹெக்டர் நாலு எட்டுகளையும் வரிசையாகக் காட்ட, றஊப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தனக்கும் அது முடியவில்லை, அதனால் மனதில் வந்ததை எழுதி நிரப்பிவிட்டதாகச் சொன்னார்.

"அதெப்பிடித் தம்பி? பிழையெண்டு பிடிபடுமே."

"எங்க பிடிபடும் ஹெக்டர் அண்ணன்? அவரு ஒவ்வொரு வரியாக் கூட்டித்தான் பாக்காரு. நாப்பத்தஞ்சு வந்தாச் சரி போடுறாரு. நான் முன்னுக்கு நிண்டு பாத்து, அதுக்கேத்த மாதிரித்தான் எழுதிக் குடுத்துட்டு வாறன்."

ஒன்று முதல் ஒன்பதுவரை கூட்டினால் நாற்பத்தைந்து. அது உண்மைதான். ஆனால் நாற்பத்தைந்து வருகிறதெல்லாம் ஒன்று முதல் ஒன்பதுவரை அல்ல. இதை ஹெக்டர் விளங்கப்படுத்தத் தொடங்க, றஊப் கடைசிப் படகுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். போகும்போது, வேலை மூட்டை எண்ணுவதுதானே அண்ணன், அதை நீங்கள் சரியாக எண்ணுவீர்கள், தாளில் நாற்பத்தைந்தைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள் என்று நல்லதாகத்தான் சொன்னார்.

றஊப் படகுக்குப் போய்விட்டார். ஹெக்டர் ஒரு வெறும் பிரதியை எடுத்து முன்னால் வைத்தார். நாற்பத்தைந்து வரும்படி நிரப்புவது அவருக்கு அரைமணி நேர வேலை. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை. சட்டை மாற்றியபின் போக ஓர் இடம். பென்சிலைப் பிடித்தபடி திரேசம்மாவைப் பார்த்தார். தனக்குப் பதிலாக அவளே 'நிரப்புங்கோ' என்று சொல்லிவிடட்டும் என்ற எண்ணம் அந்தப் பார்வையில் இருந்தது.

திரேசம்மா முதலில் அப்படித்தான் சொன்னாள். வீட்டு நிலைமை தெரியும்தானே என்றாள். நீங்கள் எழுதாவிட்டால் உங்களைவிட மூளை குறைந்தவன் எழுதுவான் என்றாள். பிறகு தன் தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு நாள் வேலை இருந்தது. தைக்காமல் விட்ட மூன்று சட்டை இருந்தது. அவள் முகம் மாறியது.

"அப்ப நான் விசரியே? ரெண்டு நாளா இருந்து பாத்தது பொய்யே? எழுதுங்கோ, இதுக்கு விடை இல்லையெண்டு. கரைப்பக்கக் கையெழுத்து நான் வைக்கிறன்."

ஹெக்டர் எழுதினார். வெறும் கட்டத்தில் நாலு எட்டுகளை மட்டும் போட்டு, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று கீழே நிரையாக எழுதி, 'ஆகவே கொடுத்த ஐந்து பிழை. இந்தத் தாளுக்கு விடை கிடையாது' என்று முடித்தார். கப்பல்பக்கம் அவர், கரைப்பக்கம் அவள். இருபத்துமூன்றாம் திகதி கொண்டுபோய்க் கொடுத்தார். எண்ணத் தெரிந்த ஆளை அல்லவா தேடுகிறார்கள், பிழையைக் கண்டுபிடித்தவனைவிட வேறு யாருக்கு வேலை கொடுக்கப்போகிறார்கள் என்று வரும் வழியெல்லாம் அவருக்கே தோன்றிக்கொண்டு வந்தது. இதைத்தான் அப்பாவித்தனம் என்பது. ஐம்பத்திரண்டு வயதிலும் சிலருக்கு அது போவதில்லை.

பங்குனி ஐந்தாம் திகதி காலை மண்டபத்தில் குத்துவிளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, வரவேற்புரையும் தலைமையுரையும் ஆற்றியபின் ஆனந்தராசா முடிவை வாசித்தார். முப்பத்திரண்டு பேர் கூட்டலில் விழுந்துவிட்டார்கள். சரியான விடை எழுதியவர்கள் எட்டுப் பேர். எட்டு நல்ல எண் அல்ல என்பதால் கடைசியாக இருந்த றஊப்பை நீக்கி, ஏழாகச் சரிப்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் தாளை வெறுமையாக விட்டு வியாக்கியானம் எழுதியிருப்பதால் அது பரிசீலிக்கப்படவில்லை.

றஊப் ஹெக்டரின் காதுக்குள், "நான் பிழையா எழுதினதுக்கு வெளிய போகல்ல அண்ணன், சரியா எழுதின எட்டாவது ஆளா வந்ததுக்குப் போறன்" என்றார்.

ஹெக்டர் எழும்பி நின்றார். சுவரில் ஏழு பேரின் தாள்களும் பார்வைக்கு ஒட்டியிருந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

"ஐயா, விடை ஒண்டுதான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம் மிஸ்டர் ஹெக்டர். ஒண்டுதான்."

"ஏழு தாளிலயும் ஏழு விதமாக் கிடக்கே."

"விடை நாப்பத்தஞ்சு. ஏழு தாளிலயும் நாப்பத்தஞ்சுதானே."

மண்டபம் தலையாட்டியது. ஹெக்டர் விடவில்லை. அப்படியென்றால் எண்பத்தொரு கட்டத்திலும் ஐந்தையே போட்டுவைத்தாலும் நாற்பத்தைந்துதானே வரும் என்று கேட்டார். கொடுத்த எண்ணை மாற்றுவது விதிமீறல், அது நேர்மையில்லாத வேலை என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னார்.

"அப்ப நடுக்கட்டத்து எண்ணைப் பேனையாலை மாத்தினது ஆர்?"

ஆனந்தராசா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. வெட்கப்படுவதற்குப் பதிலாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபைக்கு ஒரு மறைபொருளைச் சொல்லும் குரலில், அச்சில் அங்கே எட்டு இருந்தது உண்மை என்றார். எட்டு சனியின் எண். ஒரு வீட்டுக்கு நடுப்பகுதி எப்படியோ, ஒரு கட்டத்துக்கு நடுக்கட்டம் அப்படி. ஏழைகளுக்கு அரிசி கொடுக்கும் புண்ணிய காரியத்தைச் சனியை நடுவீட்டில் குடிவைத்துக்கொண்டா தொடங்குவது? தானே விரதமிருந்து, தன் கையால், அதை ஐந்தாக மாற்றியதாகச் சொன்னார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"ஐயா, அந்த எட்டை எடுத்தா மிச்சம் ஒண்டும் பொருந்தாது. நாலு பக்கமும்..."

தலைவர் விண்ணப்பக் கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினார்.

"நீங்கள் பிறந்தது இருபத்தாறாம் திகதி. ரெண்டும் ஆறும் எட்டு. எட்டுக்காரன் எட்டுக்குத்தானே வக்காலத்து வாங்குவீங்கள். இருங்கோ."

ஹெக்டர் கதிரையில் இருந்தார். அந்த ஏழு பேரில் ஐந்தாம் திகதி பிறந்த பாக்கியரத்தினம் என்பவருக்கு மாலை விழுந்தது. அரிசிக் களஞ்சியத்தின் திறப்புக் கொத்தும் ஒரு புதுக் கொப்பியும் கையளிக்கப்பட்டன. பாக்கியரத்தினத்தின் தாளில் மூன்றாம் நிரையில் ஒன்பது நாலு தடவை இருந்தது. இருபத்தாறாம் திகதி பிறந்த ஒருவர் மட்டும் அதை எண்ணினார்.

வீட்டுக்கு வந்து ஹெக்டர் சாப்பிடவில்லை. திரேசம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, மெசினில் ஊசி உடையும்படி மிதித்தாள். ஒரே நிரையில் நாலு ஒன்பது போட்டவன் கையில் சனங்களின் அரிசி! எண்பது மூட்டை இறங்கினால் அவன் எத்தனை எழுதுவான்? எட்டு வந்தால் ஒன்பதாக்குவானா, ஏழாக்குவானா? தாளில் காட்ட முடியாததை மூட்டையில் காட்டுவது என்று அப்போது ஹெக்டர் முடிவு செய்தார்.

களஞ்சியத்துக்கு நேர் எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை உண்டு. அதன் வாசலில், வீதியைப் பார்த்தபடி, மறுநாள் முதல் அவர் உட்கார்ந்தார். மடியில் அட்டை, அட்டையில் டலித் தாள், காதில் பென்சில். லொறி வந்து பின்கதவு திறந்தால் அங்கிருந்தே ஒவ்வொரு மூட்டையையும் எண்ணலாம். உள்ளே பாக்கியரத்தினம் எழுதட்டும்; வெளியே தான் எழுதுவது. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைப்பது. ஒத்துப்போகாத தாளோடு மண்டபத்துக்குப் போய், நாற்பத்தைந்து என்ன விலை என்று ஆனந்தராசாவைக் கேட்பது. அந்தக் கேள்வியை அவர் பலவிதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். திரேசம்மா காலையில் முகம் வழிக்கத் தண்ணீர் வைத்தாள். பென்சில் சீவிக் கொடுத்தாள். பின்னேரத்துக்குப் போத்தலில் தண்ணீரும் தந்தாள். இப்போது சட்டை மாற்றியபின் போக அவருக்கு ஓர் இடம் இருந்தது.

பங்குனி போனது. சித்திரை போனது. வீதியின் இந்தப் பக்கம் ஹெக்டர் தாளைத் திகதி போட்டுத் தயாராக வைத்திருந்தார். அந்தப் பக்கம் பாக்கியரத்தினம் கொப்பியைக் கோடு கீறித் தயாராக வைத்திருந்தார். தலைவர் இரண்டுமுறை வந்து களஞ்சியத்தைப் பார்வையிட்டு, வாசல் எந்தத் திசையைப் பார்க்கவேண்டும் என்று அளந்து, கதவை இடம் மாற்றி வைப்பித்தார். பள்ளிக்கூடங்களில் இருந்த சம்பூர்ச் சனங்கள் முதலில் தினமும் வந்து கேட்டார்கள், பிறகு வெள்ளிக்கிழமைகளில் கேட்டார்கள், பிறகு வரவில்லை.

அந்தக் களஞ்சியத்துக்குக் கடைசிவரை ஒரு மூட்டை அரிசிகூட வரவில்லை.